மிச்சத் தாள்கள்

ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு காற்றாலைக் கம்பெனியில் நான் ஸ்டோர் பார்க்கிறேன். ஊரில் அந்த இயந்திரத்தைக் காத்தாடி என்பார்கள். கரி கிடையாது, புகை கிடையாது, சுத்தமான மின்சாரம் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கும். அதில் பொய்யில்லை. காத்தாடியின் மேல் ஏறுகிறவர்கள் மட்டும் காண்டிராக்ட் ஆட்கள். ஸ்டோரில் இருக்கிற நானும் காண்டிராக்ட்தான்.

ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தினமும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். என் பாதுகாப்பு பெல்ட்டை நானே சோதித்தேன், நன்றாக இருக்கிறது என்று அதில் அச்சடித்திருக்கும். ஆனி, ஆடியில் வெயில் ஏறிக் காற்று வலுப்பதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். விடிந்ததும் விடியாததுமாக ஸ்டோர் வரைக்கும் நடந்து வந்து கையெழுத்துப் போட யாருக்கு நேரம்? அதனால் நான் ஒரு வழி பண்ணினேன். மாதம் பிறந்ததும் முப்பது நாளுக்கும் தேதி போட்ட தாள்களில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். தினம் ஒன்றாக உருவி ஆபீசுக்கு அனுப்புவேன். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் பெரிய மூளைக்காரன் என்று நினைப்பு.

அவர்களில் ஒருவன் என் பக்கத்து வீட்டுக்காரன். என் பைக்கில்தான் வேலைக்கு வருவான். பெல்ட்டின் கொக்கி தேய்ந்துவிட்டதென்று ஒருநாள் வழியில் சொன்னான். புதுசு கேட்டு எழுதியிருக்கிறேன், அடுத்த லாரியில் வரும், அதுவரை பார்த்து ஏறு என்றேன். நாலாம் நாள் கொக்கி தெறித்து, கோபுரத்துக்குள் ஏணியிலிருந்து விழுந்தான். முதுகெலும்பு முறிந்துவிட்டது.

அன்று மதியம் காண்டிராக்டர் போனில், தாளெல்லாம் சரியாக இருக்கட்டும் என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இன்னும் வராத தேதிகளுக்கு அவன் போட்ட கையெழுத்துகள் என் மேஜைக்குள் இருந்தன. என் வேலை போய்விடுமென்று பயந்து, எல்லோருடைய மிச்சத் தாள்களையும் ஸ்டோருக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினேன்.

விசாரணையில் அன்றைய தாளை எடுத்து வைத்தார்கள். பெல்ட் நன்றாக இருக்கிறதென்று அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான், தப்பு அவனுடையது என்று முடித்துவிட்டார்கள். கூட ஏறுகிறவர்கள் வாய் திறக்கவில்லை. நாளை முதல் வர வேண்டாம் என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? நானும் திறக்கவில்லை.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவனுக்கு என்மேல் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பைய சொன்னான்:

"அண்ணாச்சி, மிச்சத் தாளு உங்கட்ட இருக்கும்லா? அதக் காட்டினாப் போதும். இங்கன கட்டில்ல கெடக்கவன் இன்னைக்கித் தேதிக்கு எப்படிக் கையெழுத்துப் போட்டான்னு அவங்களே கேப்பாங்க."

கொளுத்தும்போது இந்த யோசனை எனக்கு வரவில்லை.

"தேடிப் பாக்கேன்" என்றேன்.

இப்போது வீட்டில் படுத்திருக்கிறான். மேல்விசாரணை கேட்டு அவனும் மனைவியும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். காலையில் நான் பைக்கை எடுக்கிற சத்தம் கேட்டால் அவன் மனைவி ஜன்னலுக்கு வந்து, தாள் கிடைத்ததா என்று கேட்கிறாள். தாளே வேண்டாம், நான் வாயைத் திறந்து சொன்னாலே போதும் என்பது அவர்கள் இருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தினமும் தோன்றுகிறது. இன்னும் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறேன்.