வாசலில் கேட்ட கேள்வி

மைராம் எஜே நடக்கிறாரா ஓடுகிறாரா என்று சொல்வது கஷ்டம். இருபது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவர். எங்கள் ஆய்வு அலுவலகத்தில் அவரை எல்லாரும் எஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம். பிஷ்கெக் நகர விளிம்பில், அவர் குடியிருந்த அக்-தலாவில், வீடு வீடாகப் போய்ப் பாதுகாப்பு பற்றிக் கேட்டு எழுதுவது அந்த வசந்தத்தில் எங்கள் இருவரின் வேலை. பேருந்து நிறுத்தத்தருகே இருந்த காவல் சாவடியை வைப்பதா எடுப்பதா என்பதை அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் நகராட்சி முடிவு செய்யும்.

முதல் கேள்வி, "உங்கள் தெரு தின்ச்சா?" தின்ச் என்றால் அமைதி. எந்தப் புத்திசாலி எழுதினானோ! வாசலில் வந்து நிற்பவர் "தின்ச்சா?" என்றால், வீடு பற்றி எரிந்தாலும் எங்கள் வாயில் "தின்ச்" என்றுதான் வரும். அது பதில் இல்லை, மரியாதை. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் இருநூற்றொன்பது தின்ச்; மூன்றில் கதவு பூட்டியிருந்தது. மேலாளர் பூரித்துப்போனார். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

கடைசியாக மைராம் எஜேயின் வீடு என் பட்டியலில் வந்தது. கேட்டேன். ரொட்டியைப் பிய்த்து என் முன் வைத்தபடியே "தின்ச்" என்றார். உள்ளறைக் கதவு திறந்தது. அவர் மகள் பெர்மெத், கையில் மாவுக்கட்டோடு நின்றாள். முந்தாநாள் நிறுத்தத்தில் இரண்டு பேர் கைப்பேசிக்காக அவளைக் கீழே தள்ளியிருக்கிறார்கள்.

"என்ன எஜே, இப்பத்தானே தின்ச்னீங்க?"

"நீ கேட்டே, சொன்னேன். வந்ததும் வராததுமா உன் தலையிலயா கொட்டுவாங்க?" என்றவர், தேநீர்க் கெண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். "அடப்பாவி! அத்தனை வீட்டுலயும் நான் இப்படித்தானே கேட்டேன்!"

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. அதே வாசல்களுக்கு மறுபடி போனார். "சாயங்காலம் உங்க பொண்ணைக் கூட்டிட்டு வர நிறுத்தத்துக்கு யாரு போறா?" என்று மட்டும் கேட்டார். ஒருவர் கடப்பாரையோடு போகிறாராம். ஒருத்தி நாயோடு. நாற்பது வீட்டுக் கதையை மேலாளர் மேஜையில் போட்டார்.

"அச்சடிச்ச கேள்விக்கு வந்த பதில்தான் செல்லும். உங்களுக்கு வேற வேலை இல்லையா எஜே?"

"இருக்கே. பொண்ணைக் கூட்டிட்டு வரப் போகணும்."

கடைசி முடிவுக்கான கூட்டம் ஒரு காலையில் பள்ளி மண்டபத்தில் நடந்தது. எஜே விரட்டி விரட்டித் தெருவையே கூட்டி வந்திருந்தார். நகராட்சி அதிகாரி மேடையேறி, வழக்கம்போல, "எல்லாரும் தின்ச்தானே?" என்றார்.

"தின்ச்!" என்றது மண்டபம். வெட்கக்கேடு, நானும் சொன்னேன்.

அதிகாரி சிரித்தார். "அப்புறம் என்ன? மக்களே சொல்லிட்டாங்க, சாவடியை எடுத்துடலாம்."

மைராம் எஜே எழுந்தார். "தின்ச் இல்ல" என்றார்.

அப்படி ஒரு பதிலை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

"என் பொண்ணு கையை ஒடிச்சுட்டாங்க. அவ தனியா வெளிய வரவே பயப்படறா. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

முன்வரிசைப் பெரியவர் சபார் திரும்பி முறைத்தார். "உக்காரும்மா. வீட்டு விஷயத்தை சபையில இழுக்காதே."

எஜே உட்காரவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பின்னாலிருந்து கடப்பாரைக்காரர் எழுந்து, "எங்களுக்கும் இல்ல" என்றார். நாய் வைத்திருப்பவள் எழுந்தாள். பிறகு ஒரு வரிசையே எழுந்தது.

"பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க" என்றார் அதிகாரி.

சபார் தடியை ஊன்றி மெல்ல எழுந்தார். எஜேயின் முகத்தைப் பார்க்கவில்லை. "என் பேத்தி மார்ச்சுலேருந்து காலேஜுக்குப் போகல. தின்ச் இல்ல" என்றார்.