கதிரைக்குக் காவல் நின்ற போத்தில்

வவுனியாவில் நான் படிப்பிக்கும் கணனி நிலையத்தில், என் மேசையில் ஒரு பச்சைப் போத்தில் நிற்கிறது. சாராயம் வந்த போத்தில். உள்ளே வருபவர்கள் முதலில் அதையும் பிறகு என் முகத்தையும் பார்ப்பார்கள். அதற்குள் ஒன்றுமில்லை. சாம்பல் போட்டும் தேசிக்காய்த் தோல் போட்டும் கழுவிப் பார்த்துவிட்டேன். தக்கையை இழுத்தால் இன்னும் மண்ணெண்ணெய் மணக்கும். பொம்பிளைப் பிள்ளையின் மேசையில் சாராயப் போத்தில் அழகில்லை என்று நிலையத்தின் பொறுப்பாளர் சொல்லிப் பார்த்தார். நான் எடுக்கவில்லை. அது என் மச்சாள் தந்தது. அம்மாவின் தமையனுடைய மகள் அவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். அதை எங்கேயும் தலை நிமிர்ந்து சொல்வேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் முதலில் கேள்வி கேட்ட ஆள் அவள்தான்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் கடலை நம்பி இருந்த ஆட்கள். தொண்ணூற்றாறில் இடம்பெயர்ந்து அக்கராயன் பக்கம் வந்து, ஒரே வளவில் இரண்டு கொட்டில் போட்டுக்கொண்டோம். ஒன்றில் நாங்கள், மற்றதில் மாமா குடும்பம். கடலில் பாரை பிடித்த அப்பாவும் மாமாவும் இரணைமடுவில் யப்பான் மீன் பிடிக்கப் போனார்கள். "குளத்தில அலையும் இல்லை, மீனுக்கு ருசியும் இல்லை" என்று மாமா தினமும் குறைசொல்வார், தினமும் போவார். மச்சாள் எட்டாம் வகுப்போடு நின்றவள். அவளுடைய பள்ளிக்கூடம் கரையிலேயே இருந்துவிட்டது. இங்கே வந்து சேர்ந்தபோது, அந்த வயதில் யாரோடு போய் எட்டாம் வகுப்பில் இருப்பது என்று விட்டுவிட்டாள். அப்படி இருந்தவள்தான், ஸ்கந்தபுரத்தில் கணனி வகுப்பு தொடங்குகிறார்களாம் என்று கேள்விப்பட்ட அன்றே என் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "உனக்கு உயர்தரம் இருக்கு, எனக்கு வாய் இருக்கு. ரெண்டும் சேர்ந்தால் காணும்" என்றாள்.

கிடுகுக் கொட்டிலுக்குள் ஒரேயொரு கணனி. மாஸ்டர் அதை மெத்தையில் சுற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, பிள்ளைத்தாச்சியைக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் மின்சாரம் நின்று வருடக்கணக்கு. கொட்டிலுக்குப் பின்னால் ஒரு சின்ன ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும். படிக்க வருபவர்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆளுக்கொரு போத்தில் மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்ததை ஜெனரேற்றருக்குள் ஊற்றிவிட்டு, வெறும் போத்திலைக் கணனித் திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்காரலாம். அந்தப் போத்தில் அங்கே நிற்கும்வரை கதிரை அவருடையது. ஊற்றிய எண்ணெய்க்குரிய நேரம் முடிந்தால் அவரே போத்திலை எடுத்துக்கொண்டு எழும்புவார். மற்றவர் போத்திலில் கைவைக்கக்கூடாது. எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் ஒருவரும் மீறியதில்லை.

மண்ணெண்ணெய் என்றால் அந்த நாளில் கைக்கு எட்டாத சாமான். ஜாம் போத்திலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரியில் பொட்டு வெளிச்சம் வைத்துத்தான் இரண்டு வீடும் இராச்சாப்பாடு சாப்பிட்டது. எங்கள் வகுப்புக்காக அந்தப் பொட்டு வெளிச்சமும் நின்றுபோனது. "அங்க கணனிப் பெட்டிக்கு வெளிச்சம், இஞ்ச வீட்டுக்கு இருட்டோ?" என்று அம்மா கேட்டா. "இருட்டில சாப்பிட்டால் மீன் சின்னனெண்டு தெரியாது மாமி" என்றாள் மச்சாள். அம்மா அகப்பையை ஓங்கினா; அடுத்த நாள் போத்திலை அவாவே நிரப்பி வைத்தா. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு போத்தில்தான் மிஞ்சும். ஆகவே எங்கள் இருவருக்கும் ஒரே கதிரை. ஆளுக்குப் பாதியாக இருந்து, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டுதான் நான் 'பேசிக்' என்ற கணனி மொழியைப் படித்தேன்.

மாஸ்டர் கெட்டவரல்லர். யாழ்ப்பாணத்தில் ஒரு படிப்பு முடித்து வந்தவர். இஸ்திரிப் பெட்டியில்லாத ஊரிலும் மடிப்புக் கலையாத சேட்டுப் போடுவார். தான் மனப்பாடம் செய்ததை நாங்களும் செய்தால் போதும் என்று நினைத்தார். கரும்பலகையில் "ஏ சமன் ஏ சக ஒன்று" என்று ஆங்கில எழுத்தில் எழுதினார். பெடியள் எல்லோரும் குனிந்து எழுதினார்கள். மச்சாள் எழுதவில்லை. "மாஸ்டர், ஒரு ஆளும், அதே ஆளோட ஒண்டைக் கூட்டினதும் எப்பிடிச் சமனாகும்? அப்ப அந்த ஒண்டுக்கு மதிப்பில்லையோ?" என்றாள். கொட்டில் சிரித்தது. "கணிதம் படிச்ச ஆக்களுக்கு இந்தச் சந்தேகம் வராது பிள்ளை" என்றார் மாஸ்டர். கணிதம் படித்த எனக்கும் அதே சந்தேகம்தான். கணிதம் படித்தவருக்குத்தான் அது கூடுதலாக வரவேண்டும். நானும் கையை உயர்த்தி அதைச் சொன்னேன். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ரைப்பிங், அதாவது தட்டச்சு, பழகினால் போதும், வேலைக்கும் உதவும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார்.

கணனியில் இருக்கும் நேரம் கொஞ்சம். இல்லாத நேரம் வாரம் முழுக்க. அதனால் மச்சாள் வீட்டு முற்றத்தில் தேங்காய்ச் சிரட்டைகளை வரிசையாக வைத்து, கரியால் ஏ, பி, சி என்று எழுதினாள். உள்ளே புளியங்கொட்டை. நான் புரோகிராமை ஒவ்வொரு வரியாக வாசிப்பேன். அவள் சொன்னபடி கொட்டைகளைச் சிரட்டைக்குச் சிரட்டை மாற்றுவாள். "சமனெண்டு வாசியாத, 'போடு' எண்டு வாசி" என்றாள் ஒருநாள். அந்தக் கணத்தில் மாஸ்டரின் அந்த வரி எங்களுக்கு விளங்கிவிட்டது. ஏயில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டி, திரும்ப ஏயில் போடு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு சிரட்டையில் ஓடாத புரோகிராமே இல்லை. கோழிகள் மட்டும்தான் இடையில் வந்து கணக்கைக் குழப்பும்.

மாரி தொடங்குமுன் மாஸ்டர் ஒரு சோதனை வைத்தார். எண்ணெய்த் தட்டுப்பாட்டால் இரண்டாம் கட்ட வகுப்புக்கு நாலு பேரைத்தான் எடுப்பாராம். தன் புரோகிராமைக் கணனியில் சரியாக ஓட்டிக் காட்டுபவருக்கு இடம். மற்றவர்கள் ரைப்பிங்குக்குப் போகலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். கேள்வி இதுதான்: இரண்டு களஞ்சியத்தில் அரிசி மூட்டை இருக்கிறது. இரண்டாவதில் இருப்பதை முதலாவதுக்கு மாற்றிவிட்டு, இப்போது இரண்டிலும் சேர்த்து எத்தனை மூட்டை என்று காட்டவேண்டும். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரட்டையில் எத்தனையோ தரம் செய்தது! ஏயோடு பியைக் கூட்டி ஏயில் போடு. பிறகு ஏயையும் பியையும் கூட்டிக் காட்டு. முற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். நாற்பதும் இருபதும் அறுபது. சரி.

சோதனையன்று போத்திலை வைத்துவிட்டுப் பாதிக் கதிரையில் இருந்து தட்டினேன். திரையில் எண்பது என்று வந்தது. பின்னால் நின்ற பெடியன் ஒருவன், "முல்லைத்தீவுக் கணக்கு அப்பிடித்தான் கூட்டும்!" என்றான். மச்சாள் திரும்பியும் பார்க்காமல், "ஓம் அண்ணை, உங்கட நிவாரணக் கூப்பனுக்கும் இப்பிடிக் கூட்டித் தரட்டோ?" என்றாள். பிறகு திரையைப் பார்த்து, "யேசு ஆண்டவர் அப்பத்தைப் பெருக்கினதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் அரிசி பெருகியிருக்கு" என்றாள். சொல்லிக்கொண்டே போத்திலைத் திரைக்கு இன்னும் கிட்டத் தள்ளினாள். இந்தக் கதிரை போனால் அவளுக்கு வேறு கதிரை இல்லை. எனக்கென்றாலும் பள்ளிக்கூடம் இருந்தது.

"நேரத்தை வீணாக்காமல் எழும்புங்கோ பிள்ளையள்" என்றார் மாஸ்டர். "நான் முதலே சொன்னனான்."

"போத்தில் நிக்குது மாஸ்டர்" என்றாள் மச்சாள்.

மாஸ்டர் போத்திலைப் பார்த்தார். ஓரடி பின்னால் நகர்ந்தார். மச்சாள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தினாள். பியை மட்டும் காட்டச் சொன்னாள். இருபது என்று வந்தது. "இஞ்ச பார்! எடுத்து ஏக்குள்ள போட்டாச்சு. பிறகென்னெண்டு பிக்குள்ளயும் கிடக்கு?" மாஸ்டரைப் பார்த்து, "வலையில இருந்து கூடைக்குப் போட்ட மீன் வலைக்குள்ளயும் கிடக்குமோ மாஸ்டர்?" என்று கேட்டாள். "அது அப்பிடித்தான். ஏன் எதுக்கெண்டு கேட்டுக்கொண்டிருந்தால் படிக்கேலாது" என்றார் அவர். அந்தப் பதிலுக்கு இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். 'அது அப்படித்தான்' என்பது, தெரியாதவர் சொல்லும் பதில். தெரியாதென்று சொல்லியிருந்தால் நாங்கள் அவரை மதித்திருப்போம்.

அவருடைய சேட்டுக்குப் பின்னால் கரும்பலகை தெரிந்தது. அதில் சோதனைக் கேள்வி அப்படியே இருந்தது. அதைப் பார்த்து அத்தனை பேரும் எழுதியிருந்தோம். "மச்சாள், அது மீன் இல்லை. கரும்பலகை. நாங்கள் பாத்து எழுதினால் பலகையில எழுத்து அழியுமோ?" என்றேன். அவள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். "அப்ப பெட்டி எடுக்கிறேல்லை, பாத்து எழுதுது. அழிக்கவேண்டியது நாங்கள்தான்." இடையில் ஒரு வரி சேர்த்தாள்: பியில் பூச்சியத்தைப் போடு. அறுபது வந்தது. ஜெனரேற்றர் இன்னும் இருமிக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பிழை எங்களுக்கு மூளை குறைவென்பதால் வந்ததல்ல. கொடுத்தால் குறையும் என்பதுதான் நாங்கள் வாழ்ந்து படித்த கணக்கு. வலையிலிருந்து கூடைக்குப் போனது வலையில் இல்லை. விளக்கிலிருந்து போத்திலுக்குப் போன எண்ணெய் விளக்கில் இல்லை. கொடுத்த பிறகும் கொடுத்தவரிடம் அப்படியே இருக்கும் ஒரு பொருளை எங்கள் வளவில் யாரும் கண்டதில்லை. கண்டிராத ஒன்றைப் பற்றிக் கேட்பது எப்படி மடத்தனமாகும்?

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சரி. ஒரு போத்தில், ஒரு ஆள். உயர்தரம் படிக்கிற பிள்ளை வரட்டும்."

"ரெண்டு பேரும் வாறம். இல்லாட்டி ரெண்டு பேரும் வரேல்லை" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை; யோசிக்க அதில் ஒன்றுமிருக்கவில்லை.

"கதிரை ஒண்டுதானே பிள்ளை இருக்கு."

"இவ்வளவு நாளும் அதிலதானே இருந்தனாங்கள், முறிஞ்சு போச்சோ?" என்றாள் மச்சாள். "பலகையைப் பாத்து இன்னொரு ஆள் எழுதினால் நீங்கள் எழுதிற சோக்கட்டி கரையுமோ மாஸ்டர்?"

அந்தத் தடவை பெடியள் சிரித்தது எங்களைப் பார்த்தல்ல. மாஸ்டர் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தார். அடுத்த வாரம் நாங்கள் போனோம். எண்ணெயை ஊற்றினோம், போத்திலை வைத்தோம், பாதி பாதியாக இருந்தோம். எங்களை யாரும் தெரிவுசெய்யவில்லை. யாரும் எழுப்பவும் இல்லை.

இரண்டாம் கட்டத்தில் பஸ்கால் மொழி வந்தது. அதில் ஒன்றைப் போடுவதற்குச் சமன் குறி மட்டும் போதாது. அதற்கு முன்னால் முக்காற்புள்ளிபோல இரண்டு புள்ளி வைக்கவேண்டும். மச்சாள் கதிரையை விட்டே துள்ளினாள். "பாத்தியோ? அண்டைக்கு நான் கேட்டதை எங்கயோ இருந்த ஒருத்தரும் கேட்டிருக்கிறார். அவருக்குப் புது மொழியே செய்து குடுத்திருக்கினம், எனக்கு ரைப்பிங் படிக்கச் சொன்னவை!" பிறகு சி மொழி வந்தபோது, வரிசையில் முதலாவதை ஏன் பூச்சியம் என்று எண்ணுகிறார்கள் என்று கேட்டாள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டரும் கொஞ்சம் யோசித்து, "பாத்துச் சொல்லுறன்" என்றார். அவர் சொன்னவற்றுள் எனக்குப் பிடித்த வசனம் அதுதான்.

கடைசியில் அந்தக் கணனி பழுதாகி, வகுப்பும் நின்றது. எனக்கு இந்தப் பக்கம், வவுனியாவுக்கு, வர அனுமதி கிடைத்தது, மச்சாளுக்குக் கிடைக்கவில்லை. புறப்படும்போது போத்திலைத் தந்தாள். "ஆராவது எழும்பச் சொன்னால் முன்னால வை." அவளை விட்டுவிட்டுப் போகிறேனே என்று நான் அழுதேன். "எடி விசரி, நீ படிச்சதைக் கொண்டுபோறதால என்ர குறையுமோ? நீதானே பலகைக் கதை சொன்னனி" என்றாள். அவள் இப்போதும் அங்கேதான். பெட்டியே இல்லாமல், சிரட்டை வைத்துப் பிள்ளைகளுக்குப் புரோகிராம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். ஆனால் இப்போது கொட்டைகளை மாற்றுவதில்லையாம். ஒரு சிரட்டையில் எத்தனை இருக்கிறதோ அத்தனையைப் புதிதாக எண்ணி மற்றதில் போடுகிறாளாம்.

இங்கே மின்சாரம் இருக்கிறது. ஆளுக்கொரு கதிரையும் இருக்கிறது. மொழிகள் மாறிவிட்டன, கேள்விகள் மாறவில்லை. போன கிழமை, அகதி முகாமிலிருந்து நடந்து வரும் ஒரு பிள்ளை எழும்பி நின்று, "ரீச்சர், மற்றதுக்குக் குடுத்த பிறகும் ஏன் இதில கிடக்கு?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் சிரித்தவர்களைப் பார்த்து, "சரி, நீங்கள் சொல்லுங்கோ, ஏன்?" என்றேன். பிறகு எங்கள் பொறுப்பாளர் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பிள்ளை கொஞ்சம் மெதுவா இருக்கு. ரைப்பிங்குக்கு மாத்திவிடுவமே? அந்தக் கதிரைக்கு ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்."

நான் என் மேசைக்குப் போய்ப் பச்சைப் போத்திலை எடுத்தேன். அந்தப் பிள்ளையின் திரைக்குப் பக்கத்தில் அதை நிமிர்த்தி வைத்தேன். அவள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள். பொறுப்பாளரும் பார்த்தார்.

"போத்தில் நிக்குது, சேர்" என்றேன்.