குளிரில் நின்ற கித்தார்

அக்காவின் பேஸ் கித்தாரை அன்று தூக்கியபோது சில்லென்று இருந்தது. அவள் இறந்த பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் சர்ச்சில் அவளுக்காக ஒரு ஞாயிறு நினைவு ஆராதனை வைப்பதாகவும், அன்று அவளுடைய கித்தாரையே வாசிக்கப்போவதாகவும் சொல்லியிருந்தார்கள். வாசிக்கப்போகிறவர் வேறு ஒருவர். கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. சரியாக இருக்கிறதா என்று தடித்த கம்பியை ஒரு தட்டு தட்டினேன். ர்ர்ர் என்று கரகரத்தது, தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. அக்கா வாசித்து அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை. அம்மாவுக்குக் கேட்டிருக்குமோ என்று கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

அக்கா ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை பார்த்தாள். சனிக்கிழமை மதியம் சர்ச் பிராக்டிஸுக்காகக் கிள்ளானில் கோமுட்டர் ரயில் ஏறும்போது அவள் முதுகில் தொங்கும் பை அவள் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கிற ஆன்டிகள் எல்லாம் "என்ன பாப்பா, வீணையா?" என்று கேட்பார்கள். "வீணையோட அண்ணன் ஆன்டி, கொஞ்சம் குண்டு" என்பாள். சர்ச்சில் பாடுகிறவர்களைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அக்கா ஒரு தூணோரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பாள். அவள் வாசிப்பு காதுக்கு வருவதற்கு முன்பே பெஞ்சுப் பலகை வழியாக என் முதுகுக்கு வந்துவிடும். இன்றைக்கும் அவளை நினைத்தால் முதலில் முதுகில்தான் ஏதோ அதிர்கிறது.

நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். லோரி பட்டறையில் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றுகிற கை என்னுடையது. அந்தக் கையில் விரல் நீள எலன் கீயை, கித்தார் திருகைத் திருப்புகிற சின்னச் சாவியை, எடுத்தேன். போனில் பார்த்த வீடியோவில் விஷயம் எளிதாகத்தான் இருந்தது. கித்தாரின் கழுத்து மரத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு இருக்கிறது. கழுத்து ரொம்ப நேராகிவிட்டால், குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளில் கம்பி உரசிக் கரகரக்கும். தண்டைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடும். தவறாகத் திருகினால் உள்ளே உடைந்துவிடும் என்றும் வீடியோவில் பேசிய வெள்ளைக்காரர் கடைசியில் சொன்னார். அது மட்டும்தான் என் மனதில் நின்றது. லேசாகத் திருகினேன். மரம் க்ரக் என்றது. உடனே பழைய இடத்துக்கே திருகிவிட்டு, சாவியைக் கீழே வைத்தேன். லோரியில் எது உடைந்தாலும் வேறு பாகம் வாங்கிப் போடலாம். இதில் அந்தக் கழுத்தின் பின்பக்கம்தான் அக்காவின் கட்டைவிரல் பட்டுப் பட்டு வார்னிஷ் போன இடம் இருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோகவும் பயம். கம்பியை மாற்றி, துடைத்துப் பளபளவென்று கொடுத்துவிடுவார்கள். அவள் விரல் வேர்வை அதோடு போய்விடும். கடைசியில் சர்ச்சில் அவளோடு டிரம்ஸ் வாசித்த அண்ணனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கித்தாரை எங்கே வைத்திருக்கிறாய் என்றார். அக்கா ரூமில், ஏர்கோன் போட்டு, என்றேன். எந்நேரமுமா என்றார். எந்நேரமும்தான் என்றேன்.

"அப்ப ஒண்ணும் திருகாதே தம்பி. குளிர்ல மரம் காஞ்சு போச்சு லா. நம்ம சர்ச்ல ஏர்கோன் இல்ல, காத்தாடிதான் சுத்துது. இங்க திருகி வச்சா அங்க வேற மாதிரி ஆயிடும். வெளிய எடுத்து ஹால்ல வை, நம்ம ஊரு காத்து படட்டும்."

அதற்கு அம்மாவிடம் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்த அக்கா கடைசியாகச் சொன்னது, "சூடா இருக்கும்மா" என்பதுதான். அடக்கம் முடிந்து வந்த அம்மா முகம்கூடக் கழுவாமல் அவள் அறைக்குப் போய் ஏர்கோனைப் போட்டார். அதன் பிறகு அது நிற்கவே இல்லை. அம்மா அழுது நான் பார்க்கவும் இல்லை. ஒரு மதியம் கரண்ட் போனது. எட்டிப் பார்த்தேன். அம்மா காலிக் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, மடித்த பேப்பரால் தலையணைக்கு விசிறிக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்துவிட்டேன். அன்றிலிருந்து அம்மாவிடம் எதைப் பேசவும் பயம். என் வாயிலிருந்து வரும் ஏதாவது ஒரு சாதாரண வார்த்தையில் அவர் மொத்தமாகச் சரிந்துவிடுவாரோ என்று.

தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஆனால் சொல்லாமல் விட்டால் அந்த ஞாயிறு சர்ச் முழுக்க அது கரகரக்கும். முன் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருப்பார். அதை நினைத்தால் இன்னும் பயமாக இருந்தது. அம்மா சமையலறையில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அம்மா, கித்தாரு காஞ்சு போச்சாம். ஹால்ல வைக்கணுமாம்."

"ஏன், ரூமுக்கு என்ன?"

"குளிரு ஒத்துக்கலையாம்மா."

விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவளுக்குன்னுதானேடா போட்டேன்" என்றார். அப்புறம் அடுத்த நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினார்.

மறுநாள் காலையில் கித்தார் ஹாலில் சோபாவில் சாய்ந்திருந்தது. அம்மாதான் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். அவர் அக்கா அறைக்குள்ளேயே இருந்தார். கதவு மூடியிருந்தது, உள்ளே ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து வந்து தினமும் தட்டிப் பார்த்தேன். முதலில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு சளி பிடித்த தொண்டை தெளிகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. குறையக் குறைய இன்னொரு பயம் வந்தது. முழுக்கச் சரியாகிவிட்டால் அதை வாசிக்க வேண்டியவள் இல்லை என்பது தெரிந்துவிடுமே. ஒரு சாயங்காலம் தட்டினேன், கம்பி எதிலும் உரசவில்லை. அடியில் நீளமாக ஒரு சத்தம் தரைவரை போனது. கதவு திறந்தது. அம்மா வந்து நின்றார்.

"இன்னொரு வாட்டி தட்டு."

தட்டினேன். அது அடங்கும்வரை நின்றார். அவருக்குப் பின்னால் அறைக் கதவு அகலத் திறந்திருந்தது, குளிர் வெளியே வந்து என் காலில் பட்டது. யாராவது அந்தக் கதவைத் திறந்து விட்டால், குளிர் போகிறது என்று அம்மா சும்மா இருக்க மாட்டார். நான் மூடப் போனேன்.

"விடுடா. தெறந்தே கெடக்கட்டும்" என்று சொல்லி சோபாவின் இன்னொரு மூலையில் உட்கார்ந்தார்.

ஆராதனை நல்லபடியாக முடிந்தது. கித்தார் இப்போதும் ஹாலில்தான் இருக்கிறது. ஏர்கோனை அம்மா இன்னும் நிறுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. வேலை விட்டு வந்ததும், சப்பாத்தைக் கழற்றும் முன்பே அந்தக் கதவைத்தான் பார்க்கிறேன், மூடியிருக்குமோ என்று. திறந்திருந்தால்தான், அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று, கம்பியைத் தட்டுவேன்.