சடையன் சுற்றாத தெரு

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது பெருமடை. மேற்கே ஓடை, கிழக்கே ஏரி, நடுவில் ஊர். ஓர் ஐப்பசி மழையில் ஏரிக்கரை உடைந்து தாழ்வான தெரு முழுகிப் போனது. அங்கிருந்த கூலிக் குடும்பங்கள் ஓடைக்கு அப்பால் மேட்டில் குடியேறின. ஊராட்சிக் கணக்கில் மேட்டுத் தெரு பெருமடையைச் சேர்ந்தது. மாரியம்மன் கணக்கில் இன்னும் சேரவில்லை.

ஆடித் திருவிழாவில் எல்லை கட்டுவார்கள். ஆட்டு ரத்தம் பிசைந்த சோற்றை மூலைக்கு மூலை இறைத்தபடி ஊரைச் சுற்றி வரவேண்டும். சுற்றுக்குள் இருப்பவர்களை அம்மன் காப்பாள். விடியும்வரை எவரும் எல்லையைத் தாண்டக் கூடாது. ஏரிக்கரை உடையும் முன்பு வகுத்த தடம் அது. ஓடைக்கு இப்பாலேயே திரும்பிவிடும்.

சோற்றுச் சட்டி சுமப்பவர் சடையன். கரும்பு வெட்டப் போகிறவர். அப்பாவுக்குப் பிறகு சட்டி அவரிடம் வந்தது. ஒரே மகள் அமிர்தத்தை மேட்டுத் தெருவில் கட்டிக் கொடுத்திருந்தார். சென்ற ஆடியில் அவள் பிள்ளை காய்ச்சலில் கிடந்தது.

"இந்த வாட்டியாவது எங்கள உள்ள சேப்பியாப்பா?"

"சட்டி எங் கையிலதானம்மா கீது. நான் நடக்கிறதுதான் எல்லை."

எல்லை கட்டும் நாள் சாயங்காலம் எதிர்க்கரையில் அமிர்தம் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். தெருவே அவள் பின்னால் நின்றது. சடையன் ஓடைக்குள் ஒரு கால் வைத்தார்.

"இன்னாடா சடையா, தடம் மறந்துட்டியா? ஊத்திக்கினு வந்துட்டியா?" என்றார் நாட்டாமை பகலவன். கூட்டம் சிரித்தது.

"இல்லீங்க... காலு வழுக்கிடுச்சிங்க."

காலை எடுத்துக்கொண்டு பழைய தடத்தில் திரும்பினார். எல்லை சுற்றிய கூட்டத்தில் நான் அவருக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன். ஓடையில் தண்ணீர் இல்லை. வழுக்க ஈரமே இல்லை.

எதிர்க்கரையிலிருந்து மேட்டுத் தெரு இருசம்மாள் கத்தினாள்: "சட்டி சடையங் கையில, காலு யார் கையிலயோ!"

அமிர்தம் குடத்தை அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போனாள்.

விடிந்ததும் சடையன் முதல் ஆளாக ஓடையைத் தாண்டிப் போனார். மகள் பாய் விரித்தாள், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"உக்காருங்க. பெருமடையிலருந்து வரீங்களா? வூட்ல எல்லாரும் சொகமா?"

வெளியூர்க்காரரைக் கேட்பதுபோல் கேட்டாள். சடையன் சொம்பை எடுத்தார். நக இடுக்கில் நேற்றைய ரத்தம் காய்ந்திருந்தது. விரல்களை மடக்கிக்கொண்டு, தண்ணீரைக் குடிக்காமல், உள்ளே பிள்ளை முனகுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.