கிளாசில் குடித்தவன்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கோப்பை கழுவி வந்து இன்றைக்கு மூன்று கடை வைத்திருக்கிறேன். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி தருகிற கடை என்னுடையது மட்டும்தான்.

ஒரு கறுப்பின இளைஞன் தினமும் காலையில் வருவான். நெடிய உடம்பு, ஒரு காதில் வெள்ளித் தோடு. முதல் மிடறோடு ஒரு நீலக் குளிசை போடுவான். ஒளித்துப் போடுகிற பழக்கமே இல்லை. “அங்கிள், நான் ஆண்களை விரும்புகிறவன். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கத்தான் இது” என்று ஒருநாள் ஆங்கிலத்தில் சொன்னான்.

பக்கத்து மேசைத் தமிழர் ஒருவர் எழும்பி என்னிடம் வந்தார்.

“அண்ணை, உவனுக்கு அந்த எயிட்ஸ் வருத்தம் இருக்குப்போல. இனி பேப்பர் கப்பிலை குடுங்கோ. நாங்களும் உந்தக் கிளாசிலைதானே குடிக்கிறம்” என்று அவனையும் கப் அடுக்கையும் கைகாட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்த் தேத்தண்ணிக் கடையில் மற்றச் சாதிக்காரருக்குக் கிளாஸ், எங்களுக்குத் தேங்காய்ச் சிரட்டை. அதில் குடித்து வளர்ந்தவன் நான்.

“வருத்தம் வராமல் இருக்கப் போடுற குளிசையடா அது! சிரட்டையை ரொறன்ரோவுக்கும் காவிக்கொண்டு வந்திட்டியோ? வெளியிலை போ!” என்று கத்தினேன். போய்விட்டார்.

தமிழ் தெரியாவிட்டாலும் இளைஞனுக்கு விஷயம் விளங்கியிருந்தது.

“கோபப்படாதீர்கள் அங்கிள். வீட்டில் அம்மாவும் எனக்குத் தனிக் கப்தான் வைத்திருக்கிறா” என்றான்.

கத்தினதில் எனக்குப் பாதிக் கோபம்தான் போயிற்று. மிச்சம், அதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னதில் நிற்கிறது. தனிக் கப்பில் எத்தனை தரம் குடித்தால் ஒருவனுக்கு அப்படிச் சிரிக்க வரும்?