ஓரத்தில் எழுதிய பெயர்

இடது கட்டைவிரல் தாளின் மடிப்பை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை வளைந்த ஊசியால் பழைய தையலை ஒவ்வொன்றாகத் தூக்கி இழுத்தது. அறுக்கவில்லை, அவிழ்த்தது. காய்ந்த பசை செதிலாக உதிர, விரல் நுனியால் ஒற்றி எடுத்துத் தகரத் தட்டில் போட்டது. வாயால் ஊதினால் எச்சில் தெறித்து மை கலையும்.

ஆம்ப்ரோஸுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காரைக்காலிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த புதிதில் ஓர் அச்சுக்கூடத்தில் தரை கூட்டினார். குப்பைக்குப் போகும் புத்தகங்களை அறைக்கு எடுத்துப்போய், எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்ப்பார். பிரித்ததைத் திரும்பத் தைப்பார். கோணினால் மறுபடியும் பிரிப்பார். சிராங்கூன் சாலையில் தனிக்கடை போட்ட பிறகு, அவர் கட்டிய புத்தகம் எந்தப் பக்கத்தில் விரித்தாலும் அடங்கிக் கிடக்கும் என்று பேர் வாங்கினார்.

அந்த வருடம் தை மாதம் கத்தோலிக்கக் கோயில் சாமியார் வீட்டில், கோயில் ஏடுகள் இருக்கும் அறையைப் பூட்டினார்கள். உத்தரத்தைக் கரையான் தின்று கூரை சாய்ந்திருந்தது. வேலை முடிய ஈஸ்டர் என்னும் பாஸ்காத் திருநாள் ஆகும், அதுவரை ஏடு பார்க்கவும் சீட்டு வாங்கவும் முடியாது என்று கதவில் தாள் ஒட்டியாயிற்று. திறக்கும்போது எல்லாம் புதிதாக இருக்கட்டும் என்று ஞானஸ்நான ஏடுகள் ஒன்பதையும் ஆம்ப்ரோஸிடம் கட்டக் கொடுத்தார்கள். வெளியார் யாரும் பார்க்கக் கூடாது என்றார் சாமியார். ஆம்ப்ரோஸ் சிலுவையைத் தொட்டு ஒப்புக்கொண்டார். தொடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நான்காம் நாள் பிரிஜட் வந்தாள். ஆர்ச்சர்டு சாலையில் ஒரு துரை வீட்டில் ஆயா. அவள் மகள் உர்சுலாவைக் கேலாங்கில் ஒரு பையனுக்குப் பேசியிருந்தார்கள். கல்யாணம் செய்யக் கூடாத தவசுகாலம் தொடங்குவதற்குள் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பு ஓலை வாசித்துக் கல்யாணத்தை முடிக்க வேண்டும். பையனின் தகப்பன் ஒன்றுதான் கேட்டார்: பெண்ணின் அப்பன் பெயர் எழுதிய ஞானஸ்நானச் சீட்டு.

உர்சுலாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அப்பன் என்று யாரும் வந்து நிற்கவில்லை. ஏட்டில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. மூன்று வருடம் கழித்து அந்தோனி என்ற கப்பல்காரன் வந்து, பிள்ளை என்னுடையதுதான் என்று அப்போதிருந்த சாமியார் முன்னால் சொன்னான். அவர் அதைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினார். அந்தோனி கீழே ஒரு சிலுவைக் குறி போட்டான். அடுத்த பயணத்தில் கடலில் போய்விட்டான். எழுதிய சாமியாரும் இறந்துவிட்டார். அந்த ஓரத்தைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது.

“கோயில்ல எழுத்து வேலை பாக்குற கிராணி என்னை உள்ளயே விடலண்ணே. கதவுல ஒட்டின தாளைக் காட்டுறாரு. நீங்க ஏட்டை எடுத்துட்டு வந்து சாமியார்கிட்ட அந்த ஒரு பக்கத்தைக் காட்டினா போதும்.”

“அறை பூட்டியிருக்குன்னா ஏடும் பூட்டியிருக்குன்னுதான் அர்த்தம், பிரிஜட்டு. நான் வாக்குக் கொடுத்திருக்கேன்.”

அவள் மறுபடி கேட்டாள். அவர் ஏட்டைத் துணியால் மூடிவிட்டு ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார். அவள் போன பிறகு, வேலையில் நேர்மையாக நடந்துகொண்டோம் என்று ஒரு திருப்தி கூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கோயில் கிராணி தங்கராஜு ஓர் அளவுகோலோடு வந்தார். ஏடுகளுக்கென்று புது இரும்பு பீரோ வந்திருந்தது. புதிதாக வாங்கிய வெற்று ஏடுகளை அளந்து அதைச் செய்யச் சொன்னவர் அவர்தான். பழைய ஏடுகள் அதைவிட ஓர் அங்குலம் அகலம் கூடுதல், கதவு மூடாது, ஓரத்தை வெட்டிவிடுங்கள் என்றார்.

ஓரத்தில் எழுத்து இருக்கிறது என்றார் ஆம்ப்ரோஸ்.

“ஓரம் ஓரந்தானே ஓய். வேண்டியதெல்லாம் உள்ள எழுதியிருக்குல்ல?”

ஆம்ப்ரோஸ் வேலையில் இறங்கினார். எழுத்து உள்ள இடத்துக்கு மேலும் கீழும் கத்தியால் கீறி, அந்தத் துண்டை மட்டும் உள்பக்கம் மடித்துவிட்டால், மிச்ச ஓரத்தை வெட்டினாலும் எழுத்து தப்பிக்கும். ஏடுகளில் எழுதியிருந்த லத்தீன் அவருக்குத் தெரியாது, பெயர்களைப் படிக்கத் தெரியும். ஒன்பது ஏடுகளிலும் இருநூற்றுப் பதினோரு ஓரக் குறிப்புகள் இருந்தன. எல்லாவற்றையும் மடித்தார். மூன்றாம் ஏட்டில் அந்தோனியின் பெயரும், கோணலான அந்தச் சிலுவையும் வந்தன. மடிக்கும்போது கை நின்றது. சாமியார் வெளியாரா? ஏட்டைக் கொடுத்தவரே அவர்தானே? அவரிடம் காட்டுவதில் எந்த வாக்கு கெட்டுப்போயிருக்கும்?

மறுநாள் தங்கராஜு வந்து ஏடுகளை அடுக்கிப் பார்த்தார். மடிப்புகளால் ஏடுகள் தடித்திருந்தன. ஒன்பதும் ஒரு தட்டில் கொள்ளாது.

“கொழுக்கட்டை பிடிக்கச் சொன்னேனா? மடிப்பையெல்லாம் விரிச்சு ஒரே சீரா வெட்டுங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, சீனன் கடையில மெஷின் இருக்கு. ஒரே அமுக்கு.”

சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று ஆம்ப்ரோஸ் தயங்கிச் சொன்னார். ஓர் அங்குலத் தாளுக்காக அவர் முன்னால் போய் நிற்கப்போகிறீர்களா என்று சிரித்துவிட்டுப் போனார் கிராணி.

ஆம்ப்ரோஸ் மூன்றாம் ஏட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு நேரே ஆர்ச்சர்டு சாலைக்கு நடந்தார். துரை வீட்டுப் பின்கட்டில் பிரிஜட் குழந்தைத் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். ஏட்டோடு வந்திருக்கிறேன், இப்போதே சாமியாரிடம் போவோம் என்றார்.

அவள் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

“கேலாங்குப் பையனுக்கு வேற பொண்ணோட ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. நீங்க ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வரலையாண்ணே?”

வந்திருந்தார். ஓலை வாசித்தபோது வெட்டுக்கத்தியைச் சாணை பிடிப்பதைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார்.

ஏட்டை வெட்டச் சொல்கிறார்கள் என்று சொன்னார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“வெட்டுங்க. பேரு வேணும்னு கேட்டப்ப மூடி வச்சீங்க. இனி அது இருந்தா என்ன, போனா என்ன.”

சாமியாரிடம் தனியாகப் போகவும் அவருக்குக் கால் வரவில்லை. போனால், அன்றைக்கே ஏன் வரவில்லை என்று அவர் கேட்பார்.

கடைக்குத் திரும்பி மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்தார். அழுத்துப் பலகையில் இறுக்கி, கத்தியைச் சீராக இழுத்தார். துண்டுகள் சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தன. ஒவ்வொன்றும் யாருடையது என்று அவருக்குத் தெரியும். மடித்தபோது எல்லாப் பெயர்களையும் படித்திருந்தார். இருநூற்றுப் பத்து விழுந்தன. மூன்றாம் ஏட்டில் விரிக்காத ஒரே ஒரு மடிப்பு, அந்தக் கோணல் சிலுவையோடு, உள்ளே இருந்தது. ஒன்று மட்டும் இருந்தால் ஏடு தடிக்காது.

பாஸ்காவுக்கு முந்தின வாரம் ஒன்பது ஏடுகளையும் ரிக்‌ஷாவில் ஏற்றிச் சாமியார் வீட்டுக்குக் கொண்டுபோனார். அறையில் புது மரமும் சுண்ணாம்பும் மணத்தன. தங்கராஜு ஏட்டைத் திறந்து பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து, கதவு மூடுகிறதா என்று மட்டும் பார்த்தார். இப்போதுதான் புத்தகம் மாதிரி இருக்கிறது என்றார்.

மூன்றாம் ஏட்டை ஆம்ப்ரோஸ் கடைசியாக இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார். தங்கராஜு அதை ஒரு கையால் வாங்கிக்கொண்டார்.