கொட்டிலடித் துண்டு

இன்று காலை பக்கத்து வீட்டில் நெல் அவித்த மணம் யன்னலால் வந்ததும், மன்னார் நகரத்தை விட்டு நானாட்டானில் எங்கள் வயலுக்குள் இருந்த ஓலைக் கொட்டிலுக்கே நினைவில் போய்விட்டேன். அம்மா நெல் அவித்த அந்த இடத்தில் இப்போது ரோட்டு ஓடுகிறது. அங்கே வளரக் கிடைத்ததற்கு மனம் இன்னும் நன்றி சொல்கிறது.

ஒரு வருடம் குளம் வற்றி, கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் வயல் வெடித்துக் கிடந்தது.

"எல்லாத்தையும் காப்பாத்த ஏலாது. கொட்டிலடித் துண்டை மட்டும் பாப்பம்" என்றார் அப்பா.

கிணற்றிலிருந்து அவர் இறைக்க, அம்மாவும் அக்காவும் நானும் வாளிகளைக் கைமாற்றி, வெடிப்புகள் தண்ணீரைக் குடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி பின்னேரம் முழுக்க ஊற்றினோம். அக்கா சறுக்கிச் சேற்றில் விழ, தூக்கப்போன அம்மாவும் விழ, அப்பா சிரித்த சிரிப்பில் வரம்பில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன.

நாள்தோறும் ஊற்றியதில் அந்தத் துண்டு மட்டும் விளைந்தது. விற்க ஒன்றும் மிஞ்சவில்லை. புது அரிசி சோறாகிய அன்று, அகப்பையைப் பிடித்தபடி அம்மா கேட்டார்: "விதைக்கு இருக்குதோ?"

"ஓம், எடுத்து வைச்சிட்டன். எல்லாரும் வடிவாச் சாப்பிடுங்கோ" என்றார் அப்பா.

அன்று அம்மாவும் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டார்.